அத்தியாயம் 6: ஒப்பிட்டுப் பிடித்தால்தான் ருசி தெரியும்

கடையில் போய் "நல்ல சிகாரா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் விலை கூடிய பெட்டியைத்தான் திறப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. உங்களுக்கு எது பிடிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரிந்திருந்தால் "நல்லது" என்று பொதுவாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். "காட்டம் குறைவாக, வாயில் கசப்பு நிற்காமல், முக்கால் மணி நேரத்தில் முடிகிற மாதிரி ஒன்று" என்று கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுவருவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

அதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழி, ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரு சுருட்டைத் தனியாகப் பிடித்துவிட்டு "அருமை" என்றால், அந்த அருமையில் மொட்டைமாடிக் காற்றுக்கு எவ்வளவு, கூட இருந்த நண்பருக்கு எவ்வளவு, சுருட்டுக்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. இன்னொரு சுருட்டைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் முதலாவது எப்படிப்பட்டது என்று தெரிகிறது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய சிகார் ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை புகையிலை இருக்கும். ஒரு சிகரெட்டில் 1 கிராம்கூட இருக்காது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் தப்ப முடியாது. சிகார் புகை காரத்தன்மை கொண்டது என்பதால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் சேர்ந்துவிடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சுருட்டும் காரணம் என்பது உறுதிப்பட்ட உண்மை. ஆகவே புகைப் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே பிடிப்பவர்கள் எண்ணிக்கையைக் குறைத்துக் கவனத்தைக் கூட்டவே இதை எழுதுகிறேன். ஒப்பிடத் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஐந்து பிடித்துக்கொண்டிருந்த நான் மாதத்துக்கு நான்கில் வந்து நின்றேன். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

நம் ஊர்ச் சுருட்டும் கியூபாச் சிகாரும்

ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல் நம் 'சுருட்டு'தான். திருச்சி சுருட்டு என்று பேர் பெற்றதற்குப் புகையிலை திண்டுக்கல் பக்கத்து மண்ணில் விளைந்தது. சுருட்டிய கைகள் உறையூர்க் கைகள். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, தரையில் கிடந்த கருத்த, செதில் செதிலான சாம்பலைப் பார்த்துக் கொலையாளி பிடித்தது திருச்சி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறான். கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் இன்றும் படையலில் வைப்பது இந்தச் சுருட்டைத்தான்.

இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. நம் ஊர்ச் சுருட்டைப் பிடித்துப் பழகியவர் கியூபாச் சிகாரை முதன்முதலில் எடுத்தால் "என்ன இது, சப்பென்று இருக்கிறது" என்பார். நம் சுருட்டு இரண்டு பக்கமும் திறந்தது, காய்ந்த பதத்தில் பிடிப்பது, காட்டம் முன்னே வந்து நிற்பது. கியூபா, நிக்கராகுவா, டொமினிக்கன் குடியரசுச் சிகார்கள் ஈரப்பதம் காத்து வைக்கப்படுபவை. தலைப்பக்கம் மூடியிருக்கும், அதை வெட்டித்தான் பிடிக்க வேண்டும். அவற்றைச் சுருட்டுபவர்கள் காட்டத்தைப் பின்னால் நிறுத்தி, மணத்தை முன்னால் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இரண்டுக்கும் நியாயம் கிடைக்காது. இந்த அத்தியாயத்தில் வரும் பயிற்சிகள் எல்லாம் இரண்டாவது வகைக்கு.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

புதிதாக ஒப்பிடுபவர்கள் எல்லாரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். ஒரு நாள் தடித்த நிக்கராகுவா, அடுத்த நாள் மெல்லிய டொமினிக்கன் என்று பிடித்துவிட்டு, "எனக்கு நிக்கராகுவாதான் பிடிக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பிடித்தது ஊரா, தடிமனா, மேலிலையா, சுருட்டின் வயதா? நான்கும் ஒரே நேரத்தில் மாறியிருக்கிறது. எதைப் புகழ்வது?

சிகார் மூன்று பகுதிகளால் ஆனது. வெளியே தெரியும் வழுவழுப்பான மேலிலை, அதற்கடியில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை, நடுவே உள்ளிலை. உள்ளிலையில்தான் கலவை நடக்கிறது. செடியின் அடியில் விளையும் இலையைக் கியூபாவில் வொலாதோ என்கிறார்கள்: காட்டம் குறைவு, நன்றாக எரியும். நடுவில் விளைவது செக்கோ: மணத்துக்கு. உச்சியில் வெயிலை முழுதாக வாங்கித் தடித்துப்போன இலை லிகேரோ: காட்டத்துக்கு. லிகேரோ மெதுவாக எரியும் என்பதால் அதைச் சரியாக நடுமையத்தில் வைத்துச் சுருட்டுவார்கள். இந்த மூன்றின் விகிதத்தை மாற்றினால் சுருட்டின் குணமே மாறிவிடும். ஒரே அரிசியும் உளுந்தும்தான், ஆனால் விகிதமும் புளிக்கவைத்த நேரமும் மாறினால் இட்லி மாவு தோசை மாவாகிறது இல்லையா, அப்படி.

எனவே ஒப்பிடும்போது மாற வேண்டியது ஒன்றே ஒன்று. மற்றவை அசையக்கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் பயிற்சிக்கு வருவோம். நேரமும் பணமும் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் போதும் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் பயிற்சி: ஒரே அளவில் மூன்று கியூபா

கியூபாவில் ரொபுஸ்தோ என்று ஓர் அளவு உண்டு. நீளம் 124 மில்லிமீட்டர், தடிமன் 50 ரிங். ஒரு ரிங் என்பது ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. 50 ரிங் என்றால் 20 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த அளவில் பல பிராண்டுகள் சுருட்டுகின்றன. அவற்றில் இந்த மூன்றை வாங்குங்கள்: ஓயோ தெ மொந்தெரே எபிக்யூர் நம்பர் 2, ரோமியோ இ ஹூலியேத்தா ஷார்ட் சர்ச்சில், பர்த்தகாஸ் செரி டி நம்பர் 4.

மூன்றுக்கும் இலை மேற்குக் கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில் உள்ள வுயெல்தா அபாஹோவிலிருந்து வருகிறது. அளவு ஒன்று, மண் ஒன்று, பாடம் செய்யும் முறை ஒன்று. கலவை மட்டும்தான் வேறு. ஓயோ மென்மையின் பக்கம், ரோமியோ நடுவில், பர்த்தகாஸ் காட்டத்தின் பக்கம். ஒரே ராகத்தை மூன்று வித்வான்கள் பாடுவதைக் கேட்பது போன்ற அனுபவம் இது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று காது தானாகத் தேடும்.

வாங்கியதும் மூன்றையும் ஒரே பெட்டியில், ஒரே ஈரப்பதத்தில் குறைந்தது மூன்று வாரம் வையுங்கள். இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஈரம் கூடிய சுருட்டு இழுக்கக் கஷ்டப்படும், கசக்கும். காய்ந்தது சூடாகி நாக்கைச் சுடும். பதம் ஒன்றாக இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது சுருட்டை அல்ல, தண்ணீரை.

பிறகு பெயர்ப்பட்டையை மறைக்க வேண்டும். உரித்தால் பசை சில நேரம் மேலிலையையும் சேர்த்துக் கிழித்துவிடும். வெள்ளைத்தாளை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிப் பட்டையின்மேல் சுற்றி ஒட்டிவிடுவதே நல்லது. இதை நீங்களே செய்யக்கூடாது. வீட்டில் வேறொருவர் செய்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, எது எது என்பதை ஒரு சீட்டில் எழுதி மடித்து வைக்கட்டும்.

மூன்றையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டாம். உடம்புக்கும் நல்லதல்ல, நாக்கும் இரண்டாவதிலேயே மரத்துவிடும். வாரம் ஒன்று, அதே நாள், அதே நேரம், அதே நாற்காலி. காரமான சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரமாவது போகட்டும். வெற்றிலை போடுபவர்கள் அன்றைக்கு அதைத் தள்ளிவைக்க வேண்டும். சுண்ணாம்பு பட்ட நாக்கு எதையும் சரியாகச் சொல்லாது. பக்கத்தில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். பில்டர் காப்பி சுருட்டுக்கு நல்ல ஜோடி என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பால் நாக்கில் படலம் கட்டும். ஒப்பிடாத நாளில் குடியுங்கள்.

பெட்ரோல் லைட்டர் வேண்டாம். அதன் வாடை முதல் கால் மணி நேரத்தைக் கெடுத்துவிடும். தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடிந்த பிறகு பக்கத்தில் கொண்டுபோங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அதற்குமேல் வேண்டாம். வேகமாக இழுத்தால் எந்தச் சுருட்டும் கசக்கும். மெதுவாகப் பிடித்த ஒன்றையும் அவசரமாகப் பிடித்த இன்னொன்றையும் ஒப்பிட முடியாது. தலை சுற்றினால், வியர்த்தால், வயிற்றைப் புரட்டினால் உடனே வைத்துவிடுங்கள். அது நிக்கோட்டின் அதிகமானதன் அறிகுறி. சகித்துக்கொண்டு முடிக்கும் வீரம் இதில் தேவையில்லை.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது எனக்குக் காட்டமான சுருட்டுதான் பிடிக்கும் என்று நிச்சயமாக நம்பியிருந்தேன். பத்து வருடம் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தாள் சுற்றித் தந்தது என் தம்பி முறையான ஒருவர். மூன்றாவது வாரம் முடிந்ததும் இரண்டாம் எண்ணுக்கு முதலிடம் கொடுத்தேன். அவர் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஓயோண்ணே" என்றார். நம்பாமல் மறுபடி மூன்று வாரம். பிறகு இடைவெளி விட்டு இன்னும் ஒரு முறை. எண்களை ஒவ்வொரு முறையும் மாற்றிப் போட்டார். மூன்று முறையும் நான் முதலிடம் கொடுத்தது ஓயோவுக்குத்தான். அதுவரை எனக்குப் பிடித்திருந்தது காட்டம் அல்ல, காட்டமான சுருட்டைப் பிடிப்பவன் என்ற எண்ணம். அன்றோடு அதை விட்டேன், நிம்மதியாக இருக்கிறது.

உங்களுக்குப் பர்த்தகாஸ் முதலில் வரலாம். அது மண்ணும் மிளகும் கலந்த நேரடியான சுருட்டு, அதற்கென்று ஆயுட்கால ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எது முதலில் வருகிறது என்பது முக்கியமில்லை. பெயர் தெரியாதபோதும் அது திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது பயிற்சி: மேலிலை

சுருட்டின் எடையில் மேலிலை சிறு பங்குதான். ருசியிலோ அதன் கை ஓங்கியிருக்கும். இதைச் சோதிக்க நிக்கராகுவாவின் பத்ரோன் நிறுவனத்துச் சுருட்டுகள் மிக வசதி. ஹோசே ஒர்லாந்தோ பத்ரோன் கியூபாவை விட்டு வெளியேறி 1964-இல் மயாமியில் தொழில் தொடங்கியவர். பிறகு நிக்கராகுவாவின் எஸ்தெலியில் தொழிற்சாலை அமைத்தார். 30-ஆம் ஆண்டு நிறைவுக்கு 1994-இல் வெளியிட்ட '1964 ஆனிவர்சரி' வரிசையில் ஒவ்வொரு அளவும் நேச்சுரல், மதூரோ என்று இரண்டு மேலிலைகளில் கிடைக்கிறது. கலவை அதேதான், உடை மட்டும் வேறு.

மதூரோ என்றால் ஸ்பானியத்தில் பழுத்தது, முதிர்ந்தது. தடித்த இலையை அடுக்கிக் கூடுதல் சூட்டில் நெடுநாள் புழுங்கவைப்பார்கள். இலை கருத்து, எண்ணெய்ப் பசையோடு மினுங்கும். கருப்பாக இருப்பதால் காட்டமாக இருக்கும் என்று பலர் பயந்து ஒதுக்குகிறார்கள். நேர்மாறு. நீண்ட புழுக்கம் இலையின் முரட்டுத்தனத்தைத் தணித்து இனிப்பை வெளியே கொண்டுவருகிறது. மதூரோவில் எனக்குக் கிடைப்பது பாகு பதம் தாண்டிக் கொஞ்சம் கருகிய கருப்பட்டி. நேச்சுரலில் வறுத்த முந்திரியும் மரவாசனையும். நிறத்தைப் பார்த்துக் காட்டத்தை யூகிக்காதீர்கள். காட்டம் உள்ளிலையில் இருக்கிறது.

வெளிர்நிற மேலிலை வேண்டும் என்றால் கனெக்டிகட் ஷேட் பாருங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் படுகையில் துணிப்பந்தலுக்கு அடியில், வெயில் நேரடியாகப் படாமல் வளர்க்கும் இலை அது. மெல்லியது, நரம்பு புடைக்காதது; வைக்கோல் போர்ப் பக்கம் போனால் வரும் வாசனையும் பாலாடைக் கொழுப்பும் அதில் உண்டு. அதே விதையை ஈக்வடாரிலும் பயிரிடுகிறார்கள். அங்கே பந்தல் தேவைப்படுவதில்லை, மேகமே பந்தல்.

மூன்றாவது பயிற்சி: அளவு

மொந்தெகிறிஸ்தோ நம்பர் 4-ஐயும் நம்பர் 2-ஐயும் வைத்துப் பாருங்கள். முதலாவது 42 ரிங், 129 மில்லிமீட்டர். மற்றது 52 ரிங், 156 மில்லிமீட்டர், தலை கூராக முடியும். மெல்லிய சுருட்டில் உள்ளிலையோடு ஒப்பிட மேலிலையின் பங்கு கூடுதல், ஆகவே மேலிலையின் குரல் அதிகம் கேட்கும். தடித்ததில் புகை குளிர்ச்சியாக வரும், கலவை முழுதாகப் பேசும். மேலிலை பிடித்தவர்கள் மெல்லியதற்குப் போகலாம். எனக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு: நம்பர் 4 அரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டி முடிந்துவிடும். புகையிலையும் குறைவு.

ருசிக்கு நம் வீட்டுச் சொற்கள்

சிகார் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் கிரஹாம் பிஸ்கட், ஹிக்கரி விறகு, கருப்புச் செர்ரி என்றெல்லாம் வரும். அவற்றைச் சாப்பிட்டும் முகர்ந்தும் வளராத ஒருவர் அந்தச் சொற்களை மனப்பாடம் செய்வதால் ஒரு பயனும் இல்லை. ருசியை நினைவில் பிடித்து வைக்கும் கொக்கிதான் சொல். நம் நினைவில் இல்லாத சொல் எதையும் பிடிக்காது.

நாக்கு தானாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு முதலிய சிலவற்றைத்தான். மற்றதெல்லாம் மூக்கு. இதைச் சோதிக்கச் சுருட்டே வேண்டாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகை சீரகத்தை மெல்லுங்கள்; ஏதோ மரத்தூள் போல இருக்கும். விரலை எடுங்கள், சீரகம் வந்துவிடும். சுருட்டிலும் அதேதான். புகையை வாயில் வைத்திருந்து, பெரும்பகுதியை வாய்வழி விட்டுவிட்டு, மிச்சமுள்ள கொஞ்சத்தை நெஞ்சுக்குள் இறக்காமல் மூக்கு வழியாக மெல்ல வெளியே தள்ளுங்கள். முதல் முறை எரியும், கண் கலங்கும். ஒரு சுருட்டுக்கு நான்கைந்து முறை செய்தால் போதும். அந்த நான்கைந்தில்தான் பாதிக் குறிப்பு கிடைக்கும்.

என் நோட்டில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சிலவற்றைத் தருகிறேன். வறுத்த கொத்தமல்லி விதை. சுக்கு. காப்பிக்கொட்டை வறுபடும்போது கடைசி நிமிடத்தில் எழும் கருகல். முதல் மழை பட்ட மண். புதுச்செருப்புக் கடை. மாட்டுக்கொட்டில் (முகம் சுளிக்க வேண்டாம், வயதான கியூபாச் சுருட்டில் இது மிக நல்ல குணம்). பொரிகடலை. நெய் காய்ச்சியபின் அடியில் தங்கும் கசண்டு. பழைய மரப்பெட்டியைத் திறந்ததும் வருகிற வாசனை. இந்தக் கடைசி வாசனைக்கு ஒரு காரணம் உண்டு. சிகார்ப் பெட்டிகளுக்குப் பயன்படுத்தும் 'ஸ்பானிஷ் செடார்' பேருக்குத்தான் செடார். தாவர வகையில் அது நம் வேம்பின் குடும்பம். சுருட்டில் வேம்புக் கட்டை வாசம் வருகிறது என்று யாராவது எழுதியிருந்தால் சிரிக்காதீர்கள்.

ஒவ்வொரு சுருட்டையும் மூன்று பங்காகப் பிரித்து எழுதுங்கள். முதல் பங்கில் மேலிலையின் வாசனை தூக்கலாக இருக்கும். நடுப்பங்கில் கலவை சேர்ந்து வரும். கடைசிப் பங்கில் முன்னால் எரிந்ததன் எண்ணெயும் நிக்கோட்டினும் சேர்ந்து காட்டம் ஏறும். பலருக்கு முதல் இரண்டு பங்கு பிடித்து மூன்றாவது பிடிக்காது. பிடிக்காத இடத்தில் நிறுத்திவிடலாம். விரல் சுடும்வரை பிடிப்பது மரியாதை என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அதில் அர்த்தமில்லை.

சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. வெண்மையான சாம்பல் உயர்ந்த சுருட்டின் அடையாளம் என்பது நீண்டகால நம்பிக்கை. சாம்பலின் நிறம் இலை விளைந்த மண்ணின் தாதுக்களைச் சொல்கிறது, தரத்தை அல்ல. சாம்பல் உதிராமல் விரற்கடை நீளத்துக்கு நின்றால் உள்ளே நீள இலையை ஒழுங்காகச் சுருட்டியிருக்கிறார்கள் என்று பொருள். நான் பார்ப்பது அதை மட்டுமே.

ஒரே பெயர், இரண்டு சுருட்டு

ஒப்பிடுபவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது. 1960-இல் கியூப அரசு சிகார் தொழிற்சாலைகளை நாட்டுடைமை ஆக்கியது. உரிமையாளர் குடும்பங்கள் பல நாட்டை விட்டு வெளியேறின. பெயர் உரிமையைக் கையோடு எடுத்துப்போயின. 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபாமீது வணிகத் தடை விதித்தார். அதற்கு முந்தைய இரவு தன் ஊடகச் செயலர் பியர் சாலிங்கரை அனுப்பி 1,000 உப்மன் சுருட்டுகளை வாங்கி வரச் சொன்னார், அவர் 1,200 வாங்கி வந்தார் என்பது சாலிங்கரே பிற்பாடு எழுதிய செய்தி. நாட்டுடைமையும் தடையும் சேர்ந்ததன் விளைவு இன்றும் கடை அலமாரியில் இருக்கிறது: மொந்தெகிறிஸ்தோ, ரோமியோ இ ஹூலியேத்தா, பர்த்தகாஸ், கொஹீபா என்று கியூபாவிலும் சுருட்டு உண்டு, அதே பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு டொமினிக்கன் குடியரசு போன்ற இடங்களில் வேறு நிறுவனங்கள் செய்யும் சுருட்டும் உண்டு. இலை வேறு, கலவை வேறு, கை வேறு. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்த கொஹீபாவைப் பிடித்துவிட்டுக் கியூபாக் கொஹீபாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பெட்டியில் எங்கே செய்தது என்று பார்த்துவிட்டே நோட்டில் எழுதுங்கள். கியூபாப் பெட்டியின் அடிப்பக்கம் தொழிற்சாலைக் குறியீடும் பெட்டியில் அடைத்த மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும்; அதையும் குறித்துக்கொண்டால் சுருட்டின் வயது தெரியும்.

கொஹீபாவைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. 1966-இல் காஸ்ட்ரோவுக்காகவும் அரசு விருந்தினர்களுக்காகவும் தொடங்கியது. 1982-இல்தான் பொதுவிற்பனைக்கு வந்தது. அதன் உள்ளிலையில் செக்கோ, லிகேரோ இரண்டையும் மூன்றாவது முறையும் புழுங்கவைக்கிறார்கள். புகையின் வழவழப்புக்கு அதுவே காரணம். நல்ல சுருட்டு, ஐயமில்லை. 2022-இல் அதன் விலையை உலகெங்கும் கடுமையாக உயர்த்தினார்கள். அந்த விலைக்கு நான் பெயர் மறைத்து வைத்த சோதனையில் அது எனக்கு ஓயோவைத் தாண்டவில்லை. பரிசாக யாராவது கொடுத்தால் பிடிப்பேன், காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

நம் வெயிலில் பாதுகாப்பு

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சென்னை மே மாதம் ஒரே வாரத்தில் வீணாக்கிவிடும். என் பெட்டி ஒன்று அப்படிப் போனது. மாதிரிக்காகச் சேர்த்து வைத்திருந்த 22 சுருட்டுகளில் குண்டூசி குத்தியது போல் துளைகள். தட்டினால் பழுப்புத் தூள் கொட்டியது. புகையிலை வண்டு. முட்டை இலைக்குள்ளேயே வந்திருக்கும். வெப்பம் சுமார் 24 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கத் தொடங்கும். நம் ஊரில் 24 டிகிரி என்பது மார்கழி.

எனவே குளிர்சாதனம் எந்நேரமும் ஓடும் அறையிலோ, வெப்பத்தை 18 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடிய சிறிய குளிர்ப்பெட்டியிலோ வையுங்கள். வாங்கியதும் காற்றுப்புகாத பையில் போட்டு மூன்று நாள் ஃப்ரீசரில், பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அதன்பின் வெளியே. சட்டென்று வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும். விலையுயர்ந்த மரப்பெட்டி தேவையில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும், 65 அல்லது 69 சதவீதம் என்று எழுதிய ஈரப்பதப் பொட்டலம் ஒன்றும் போதும். நான் 65-ஐ வைக்கிறேன், இழுப்பு இளக்கமாக இருக்கிறது.

ஈரப்பதமானியை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் ஒரு நாள் மூடி வையுங்கள். மானி 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அது எப்போதும் நான்கு குறைவாகச் சொல்கிறது என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மேலிலையில் பூஞ்சை கண்டால், அது பச்சையாகவோ நீலமாகவோ பஞ்சுபோலவோ இருந்தால், அந்தச் சுருட்டைத் தூக்கி எறியுங்கள். துடைத்துப் பிடிக்க வேண்டாம்.

பயிற்சிகள் மூன்றையும் முடிக்க எனக்குத் தெரிந்தவரை நான்கு மாதமாவது ஆகும், அதுவும் வாரம் ஒன்றுக்கு மேல் போகாமல். அதுவரை முழுப்பெட்டி எதுவும் வாங்காதீர்கள். ஒன்றொன்றாகச் சில்லறையில் விற்கும் கடையைத் தேடிப் பிடியுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, உங்களுக்கு எந்தச் சுருட்டு பிடிக்கும் என்று இப்போது நினைக்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள். கடைசிப் பயிற்சி முடிந்த அன்று அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.